முதல் இரண்டு வரி

ஒரு சமூக வலைத்தள நிறுவனத்தில் தங்கை பார்த்த வேலை இப்படித்தான் நடக்கும். யாராவது புகார் செய்த பதிவு அவள் திரையில் வந்து நிற்கும். எழுதியவர் பெயர் தெரியாது, ஓரவஞ்சனை கூடாதல்லவா? முதல் இரண்டு வரி மட்டும் தெரியும். மிச்சத்தைப் பார்க்க ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் திறக்க ஆறு விநாடி பிடிக்கும். ஒரு பதிவுக்கு மொத்தமே இருபது விநாடி. அதனால் யாரும் அழுத்துவதில்லை.

திங்கட்கிழமை வந்தது இது: 'வந்தேறிகளைக் கல்லால் அடித்துத் துரத்துங்கள். அவர்கள் பிள்ளைகளையும் விடாதீர்கள்.' நீக்கினாள். இந்த மாதிரிப் பேச்சுக்கு ஒரே தடவைதான், கணக்கே மூடிக்கொள்ளும்.

மாலையில் வீட்டுக்குப் போனால், அதே தளத்தில் அண்ணன் எழுதிவந்த பக்கம் காணாமல் போயிருந்தது.

அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்தவன். தொண்டையில் அறுவை செய்து குரலையே எடுத்துவிட்டார்கள். வீட்டாரிடம் சிலேட்டில் பேசுவான், ஊரிடம் அந்தப் பக்கத்தில். எதிராளி சொன்னதை ஓர் எழுத்துக்கூடக் குறைக்காமல் முதலில் போடுவான். மூன்றாம் வரியில்தான், 'என்கிறார் ஒருவர். அவருக்கு என் பதில்' என்று ஆரம்பிப்பான். கேட்டால், "இறங்குறவங்க முதல்ல இறங்கட்டும், அப்புறம் ஏறலாம்" என்று எழுதிக் காட்டுவான்.

தங்கைக்குத் தான் அன்று நீக்கிய இரண்டு வரி நினைவுக்கு வந்தது.

அவள் ஆபீஸில் சொல்லிப் பார்க்க முடியாதா என்று அண்ணி கேட்டாள். மேலாளர் எப்போதும் சொல்வதையே தங்கை சொன்னாள்: "நம்ம சுவத்துல யார் போஸ்டர் ஒட்டலாம்னு நாமதானே அண்ணி சொல்லணும்?"

அண்ணன் சிலேட்டைத் திருப்பினான். "நியாயம்தான். ஊர்ல வேற சுவர் எதையாச்சும் விட்டு வெச்சிருக்கீங்களா?"

மேல்முறையீடு ஒரே முறை. அதுவும் தங்கை போன்றவர்கள் பார்க்கும் அதே வரிசைக்குத்தான் போகும், அதே இரண்டு வரி, அதே இருபது விநாடி. அண்ணன் நிறுத்தி நிதானமாக எழுதினான்: 'நான் எழுதியது வெறுப்பைத் தூண்டும் எழுத்து. என் கணக்கை மூடியது சரியே.' மூன்றாம் வரியில், 'என்கிறது நிறுவனம். அதற்கு என் பதில்.' அதன் கீழே நாற்பது வரி.

"உங்க பதில முதல்ல போடுங்கண்ணா. கெஞ்சிக் கேக்குறேன்."

ஏன் என்று புருவத்தை உயர்த்தினான். சொன்னால் திங்கட்கிழமையையும் சொல்லவேண்டி வரும். தங்கை தரையைப் பார்த்தாள். அவன் அனுப்பிவிட்டான்.

அண்ணி டம்ளர்களைக் கழுவி முடிப்பதற்குள் பதில் வந்தது: தவறை ஒப்புக்கொண்டமைக்கு நன்றி. முடிவில் மாற்றமில்லை.

அண்ணன் அதைப் படித்தான். பிறகு சிலேட்டில் எழுதினான்: "முழுசாப் படிச்சிருப்பாங்கல்ல?"

"படிச்சிருப்பாங்கண்ணா" என்றாள் தங்கை.