கணவர் பெயர்

புருஷன் தனக்கோடியின் அடி தாங்காமல் மேரிசெல்வி மரக்காணத்துக்கு ஓடிவந்து நாலு வருஷமாகியிருந்தது. உப்பளத்தில் உப்பு சுமந்தாள். சுனாமியில் குடிசை போனதும் வீடு கேட்டு மனு எழுதினாள். 'கணவர் பெயர்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். கிளார்க் மனுவைத் திருப்பித் தள்ளினார்.

"புருஷன் பேர் இல்லாம மனு நிக்காதும்மா."

மூன்று நாள் யோசித்துவிட்டு எழுதிக் கொடுத்தாள். காகிதம் ஆபீஸ் அலமாரியில்தானே கிடக்கப்போகிறது என்று நினைத்தாள்.

ஆபீஸோ எல்லாம் வெளிப்படையாக நடக்கிறது என்று பீற்றிக்கொள்ள, பட்டியலை அப்படியே இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டது. பெயர், கணவர் பெயர், தற்போது தங்கியிருக்கும் நிவாரண ஷெட்டின் நம்பர். நாய்க்கு எலும்பைக் காட்டி வழியும் சொன்ன மாதிரி.

சென்னையில் ஒரு பிரவுசிங் சென்டரில், தனக்கும் நிவாரணம் வந்திருக்கிறதா என்று தனக்கோடி தன் பெயரைத் தேடச் சொன்னான். அவன் பெயர் அவளுடைய வரியில் இருந்தது.

மறுநாளே ஷெட்டில் விசாரித்துக்கொண்டு உப்பளத்துக்கு வந்தான். சட்டைப்பையில் பிரின்ட் அவுட்.

"கவர்மென்டே உன்ன என் பொண்டாட்டின்னுதாண்டி போட்டிருக்குது."

உப்பு வாரும் பலகையாலேயே அடித்தான். புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஒரு கண் மூடிப்போய் ஆபீஸுக்குப் போனாள்.

"என் பேரை அதுலேர்ந்து எடுத்துடுங்க சார்."

கிளார்க் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நிதானமாகத்தான் சொன்னார்.

"குடும்பத் தலைவர் கையெழுத்து வேணும்மா. அவருதான் ஊருக்கு வந்துட்டாராமே, கையோட கூட்டிட்டு வா."