இருநூற்றுப் பன்னிரண்டாம் சுற்று

விடுப்பின் ஒன்பதாம் நாள், பகல் பதினோரு மணிக்கு, அவள் தன் கணவனின் எட்டு மாத யுத்தத்தை அழித்தாள். வேண்டுமென்று செய்யவில்லை.

அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். ஒரு நாளைக்கு எழுபது கை, எண்பது கை. நரம்பு பிடிபடாத கைகளையெல்லாம் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். அதனால் கணவன் அவளுக்கு வைத்த பெயர் ‘ஊசி’. அவன் லிஃப்ட் மெக்கானிக். அவளுடைய கர்ப்பத்தின் ஆறாம் மாதச் சோதனைக்குப் போன இடத்தில், குழந்தையின் துடிப்பு நின்றுவிட்டது என்றார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வெறும் கையோடு வீடு திரும்பினார்கள். வந்த மறுநாள் அவளுக்குப் பால் சுரந்தது. பழைய துண்டு ஒன்றை மார்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு துணி மடித்தாள். அழுகை வரும் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்டபின் உதடு இருக்கிற இடம் தெரியாதே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

ஆறாம் நாள் கணவன் வேலைக்குப் போய்விட்டான். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, வேறு ஆள் கிடையாது என்றான். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒன்பதாம் நாள், விடுப்புப் படிவத்தை நிரப்பத்தான் அவனுடைய லேப்டாப்பைத் திறந்தாள். படிவம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் கோட்டைச் சுவரும் கொடியுமாக அவன் ஆடுகிற விளையாட்டின் படம். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய உலகம் அது. அரசனாக உட்கார்ந்து படை திரட்டி, வரி போட்டு, அக்கம்பக்கத்து நாடுகளை வளைத்துப் போட வேண்டும். கணவன் ஞாயிற்றுக்கிழமைகளில் அதிலேயே கிடப்பான். என்னதான் இருக்கிறது என்று ‘தொடர்க’ என்ற இடத்தை அழுத்தினாள்.

ஆற்றங்கரையில் ஒரு பெரிய நகரம். அதைச் சுற்றிக் கணவனின் படை. மூலையில் ‘சுற்று 212’ என்று இருந்தது. அவள் கண்டதையும் அழுத்தினாள். குதிரைப்படை ஆற்றில் இறங்கிப் பாதி முழுகிப்போனது. மீதியை நகரத்துக்காரர்கள் வெளியே வந்து வெட்டினார்கள். போதும் என்று வெளியேறப் போனபோது, சேமிக்கட்டுமா என்று கேட்டது. சேமிக்க இருபது இடங்கள், இருபதும் நிரம்பியிருந்தன. எதன் மேல் எழுதட்டும் என்றது. எல்லாவற்றுக்கும் மேலே ‘முற்றுகை 212’ என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினாள். நிச்சயமாகவா என்றது. ஆம் என்றாள்.

ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான், தான் செய்தது என்ன என்று உறைத்தது. நெஞ்சு திக்கென்றிருக்க வேண்டும். இல்லை. சரி, இதைச் சரிசெய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

மேசை இழுப்பறையில் கணவனின் நோட்டு இருந்தது. கம்பெனி கொடுத்த பராமரிப்புப் பதிவேடு. இடப்பக்கத்தில் ‘நாலாவது மாடி, கதவு உரசுது’ என்று வேலை விவரம், வலப்பக்கத்தில் யுத்தம். ஒவ்வொரு சுற்றிலும் எந்தப் படை எங்கே போனது என்று எழுதி வைத்திருந்தான். லிஃப்டில் எந்த நட்டைக் கழற்றினாலும் குறித்து வைக்கிற புத்தி.

முதல் பக்கத்தில், தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி, சில எச்சரிக்கைகள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப சேவ் பண்ணாதே, ஒவ்வொரு பெரிய சண்டைக்கு முன்னாலும் தனியாக ஒன்று வை. அதுவாகவே சேவ் ஆகிறதை நம்பி உட்காராதே, ஐந்து சுற்றுக்கு ஒருமுறை பழசை அழித்துவிடும். குளிர்காலம் வருமுன் படையை ஏதாவது ஊருக்குள் கொண்டுபோய்விடு, வெளியே நின்றால் மூன்றில் ஒரு பங்கைப் பசியே தின்றுவிடும். நகரத்தை வளைக்கும்போது ஒரு வாசலை விட்டுவை. ஓட வழியிருந்தால் ஓடிவிடுவான், வழியில்லாதவன்தான் கடைசிவரை நின்று வெட்டுவான். கடைசியில், இரண்டு கோடு போட்டு: ‘செத்தவனுக்காகப் பழைய சேவுக்குப் போறதில்லை. அப்புறம் எதுக்கு ஆடணும்?’

190ஆம் சுற்றில் ஒரு சேவ் இருந்தது. அங்கிருந்து நோட்டைப் பார்த்து 212 வரை ஆடிவிட்டால், அவன் விட்ட இடம் வந்துவிடும். அவள் அங்கிருந்து தொடங்கினாள்.

காலையில் அவன் போனதும் உட்காருவாள். நோட்டை மடியில் வைத்து, அவன் எழுதியபடியே படைகளை நகர்த்துவாள். வில்லாளிகளை மேட்டில் ஏற்று என்றால் ஏற்றினாள். வரியைக் குறை என்றால் குறைத்தாள். யோசிக்க எதுவும் இல்லாததால் அந்த வேலை பிடித்திருந்தது. சரியாகச் செய்தால் பெரும்பாலும் அவனுக்கு நடந்ததே அவளுக்கும் நடந்தது.

205ஆம் சுற்றில் மட்டும் நின்றாள். படைக்குத் தலைவன் ஒரு கிழட்டுத் தளபதி. முகத்தில் பாதி மூக்கு. கணவன் அவனுக்கு ‘மூக்கன்’ என்று பெயர் வைத்திருந்தான். நோட்டில் இருந்தது: ‘மூக்கனுக்குக் காய்ச்சல். போயிட்டான். நல்ல மனுஷன்.’ அவள் ஆடியபோதும் மூக்கனுக்குக் காய்ச்சல் வந்தது, அடுத்த சுற்றில் போய்விட்டான். தான் கெடுத்த சேவின் மேலேயே 204இல் சேமித்து வைத்திருந்தாள்; அதைத் திறந்து மறுபடி ஆடினாள். மறுபடியும் போனான். மறுபடி திறந்தாள். பதினான்காம் முறை மூக்கன் காய்ச்சலிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். அவள் உடனே அதை 204இன் மேலேயே சேமித்துவிட்டு, எழுந்து போய் வாஷிங் மெஷினைப் போட்டாள்.

ஆட ஆரம்பித்த நான்காம் நாள் மதியம் நாத்தனார் போன் பண்ணினாள்.

“என்ன அண்ணி பண்றீங்க? தூங்குனீங்களா?”

“இல்ல. கோட்டையைச் சுத்தி வளைச்சுட்டு இருக்கேன்.”

“கோட்டையையா?”

“ஒரு வாசலை மட்டும் விட்டு வெச்சிருக்கேன்,” என்று அவள் சொன்னாள்.

“சரி அண்ணி... நீங்க கொஞ்சம் படுங்க. நான் அண்ணன்கிட்ட பேசறேன்.”

மூன்று மணிக்கே கணவன் வந்து நின்றான். கையில் கிரீஸ்கூடக் கழுவவில்லை.

“தங்கச்சி பயந்துபோய் போன் பண்றா. கோட்டை கீட்டைன்னு ஏதோ சொன்னியாமே?”

“உங்க கேமைத்தான் ஆடிட்டு இருக்கேன்.”

“நீயா?”

“உங்க கடைசி சேவ்வை அழிச்சுட்டேங்க. தெரியாம. நோட்டைப் பார்த்துத் திரும்ப ஆடி இருநூத்தி எட்டு வரைக்கும் கொண்டாந்துட்டேன். இன்னும் நாலு சுத்துதான்.”

அவன் திரையைப் பார்த்தான்.

“எதை அழிச்ச?”

“எல்லாத்துக்கும் மேல இருந்துச்சே. முற்றுகைன்னு.”

அவன் குனிந்து பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். பிறகு நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டான்.

“கோபமா?” என்றாள்.

“இல்ல ஊசி. நானே அதை அழிக்கணும்னு இருந்தேன். திறக்கவே பயமா இருந்துச்சு.”

“ஏன்?” என்றாள்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரியில சேவ் பண்ணது அது. எப்பவும் மூணு மணி நேரம் உக்கார வெப்பாங்களேன்னு லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தேன்ல. உன்னை ஸ்கேனுக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்க, நான் வராந்தால ஆடிட்டு இருந்தேன். நர்ஸ் வந்து, சார், கொஞ்சம் உள்ள வாங்கன்னாங்க. அவங்க மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும்...” அவன் கையில் இருந்த கிரீஸைக் கால்சட்டையில் தேய்த்தான். “தெரிஞ்சும், சேவ் பண்ணிட்டுத்தான் எழுந்தேன். பேர்கூட டைப் பண்ணேன். முற்றுகைன்னு.”

அவள் அதை மனதில் ஓட்டிப் பார்த்தாள். வராந்தா, பிளாஸ்டிக் நாற்காலி, அவன் விரல்கள்.

“எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?”

“பத்து செகண்ட்.”

“அந்தப் பத்து செகண்டுல நீங்க உள்ள வந்து என்ன பண்ணியிருப்பீங்க?”

“தெரியல.”

“நான் உள்ள என்ன பண்ணிட்டு இருந்தேன் தெரியுமா? மேல இருந்த லைட்டை எண்ணிட்டு இருந்தேன். மொத்தம் ஆறு. ஒண்ணு எரியல. டாக்டர் பேசிட்டே இருக்காங்க, எனக்கு, இதை யாராவது மாத்தக் கூடாதான்னு இருக்கு.”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பக்கத்து வீட்டில் யாரோ மிக்சி போட்டு நிறுத்தினார்கள். அவன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தான்.

“மூக்கன் உசுரோட இருக்கானே!”

“ம்.”

“நான் எழுதியிருந்ததைப் பார்க்கலையா?”

“பார்த்தேன்.”

“எத்தனை வாட்டி?”

“பதினாலு.”

அவன் சிரிப்பு மாதிரி ஏதோ ஒரு சத்தம் போட்டான். “விடு. இருந்துட்டுப் போகட்டும்,” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

மீதி நான்கு சுற்றை அவள் ஆடவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் பால்கனியில் நின்று தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் குளியலறையில் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “நர்ஸ் கூப்பிட்டப்போ...” என்று அவன் குரல் கேட்டது. குழாயை மூடினாள். அவன் அதே கதையைத் தங்கையிடம் சொன்னான். பாதியில் நின்றான். பிறகு வாய்விட்டு அழுதான். பெரிய ஆண்பிள்ளை அழுகிற, பழக்கமில்லாத அழுகை. மூக்கை உறிஞ்சக்கூடத் தெரியவில்லை.

அவள் ஈரச் சட்டையோடு கதவருகில் நின்று கேட்டாள். போய்த் தோளைத் தொடலாமா என்று நினைத்தாள். தங்கையோடு பேசட்டும் என்று விட்டுவிட்டாள். வயிற்றில் ஏதோ இழுத்துப் பிடித்தது. வலியோ என்று கையை வைத்துப் பார்த்தாள். பசி. நல்ல பசி.

சட்டையை வாளியில் போட்டுவிட்டுப் போய் நான்கு முட்டை வேகவைத்தாள். அவன் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. சூடு ஆறுவதற்குள்ளேயே ஒன்றை உரித்து, உப்புகூடப் போடாமல், நின்றபடியே தின்றாள்.