மத்தியானக் கடை

துறைமுகச் சாலையில் எமில்டாவும் உமாராணியும் நடத்திய சாப்பாட்டுக் கடைக்குப் பலகையில் வேறு பெயர் எழுதியிருந்தது. லாரிக்காரர்கள் அதை மத்தியானக் கடை என்றுதான் சொன்னார்கள். உச்சிப்பொழுதில் திறப்பார்கள். சோறு தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். காலைப் பலகாரம் கிடையாது, இரவுச் சாப்பாடும் கிடையாது. சோறு, மீன் குழம்பு, பொரித்த மீன், ஒரு கூட்டு, ரசம். அவ்வளவுதான்.

அந்த யோசனை உமாராணியுடையது. இருவரும் கப்பல் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் பல வருடம் வேலை பார்த்தவர்கள். காகித வேலையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனபோது அலுவலகம் முதலில் வீட்டுக்கு அனுப்பியது அவர்கள் இருவரையும்தான். எமில்டா மதியத்துக்குக் கொண்டுவரும் மீன் குழம்பில் ஒரு கரண்டியாவது கிடைக்காதா என்று மேனேஜர் வரைக்கும் காத்திருந்த அலுவலகம் அது.

"நம்மகிட்ட இருக்கது இது ஒண்ணுதான்ளா. இத வித்துப் பாப்போம்" என்றாள் உமாராணி. அவளுடைய அப்பா உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்தவர். எதை விற்கலாம் என்பதைவிட எதை விற்கக் கூடாது என்பதில் அவளுக்குத் தெளிவு இருந்தது. "இட்லியும் பரோட்டாவும் போட இந்த ரோட்டுல எத்தன கடை கெடக்கு. நாம எல்லாத்தையும் போட்டா எல்லாமே அரைகுறையாத்தான் வரும்."

எமில்டாவின் வேலை விடியலில் தொடங்கும். திரேஸ்புரத்தில் நாட்டுப் படகுகள் கரையேறும் இடத்துக்குப் போய், மீனின் செவுளைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். மனதுக்குப் பிடிக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்பிவிடுவாள். அன்று கடை வாசலில், இன்று மீன் இல்லை, முட்டைக் குழம்பு என்று எழுதி வைப்பார்கள். முதலில் உமாராணிக்கு அது நெருப்பில் நிற்பதுபோல் இருந்தது. வந்த ஆட்கள் அடுத்த கடைக்கு நடந்தார்கள். ஆனால் மறுநாள் அவர்களே திரும்பி வந்ததைப் பார்த்தபோது, ஊர் முழுக்க விளம்பரம் ஒட்டினாலும் கிடைக்காத ஒன்று தங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று புரிந்துகொண்டாள்.

கூட்டம் பெருகியது. பாளையங்கோட்டை சாலையில் இரண்டாவது கடைக்கு இடம் பார்த்தார்கள்.

"இன்னொரு ஆளப் பழக்கி விடு எமில்டா. ஜெமிமா கெட்டிக்காரி. அளவெல்லாம் அவளுக்குச் சொல்லிக் குடு. நாளைக்கே உனக்கு மேலுக்கு முடியலன்னா கடைய மூடவா?"

ஜெமிமா சமையலறையில் கூடமாட வேலை செய்கிறவள். எமில்டா சிரித்தாள். "அளவா? எங்கிட்ட அளவே கிடையாது. வாசம் வந்தா இறக்குவேன். அத எப்படிச் சொல்லிக் குடுக்க?"

அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. உமாராணிக்கு அது தெரியும். பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

ஐப்பசி மழையோடு எமில்டாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், ஒரு வாரத்தில் விட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்து குடித்த முதல் காப்பி வெந்நீராக இருந்தது. சளியாக இருக்கும் என்று நினைத்தாள். சளியும் போனது. நாக்கில் உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, காரம் சுட்டது. மற்றதெல்லாம் போயிருந்தது. கோவிலில் சாம்பிராணிப் புகை எழுந்தபோது கண்தான் எரிந்தது. டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்றார்.

கணவர் ஜெரால்டு கப்பலில் எங்கோ இருந்தார். போனில் அவரிடம் சுகமாக இருப்பதாகச் சொன்னாள். உமாராணியிடம் சொல்லத்தான் நினைத்தாள். சொல்லலாம் என்று போன அன்று உமாராணி புதுக் கடையின் சுவருக்கு எந்த நிறம் அடிக்கலாம் என்று நாலைந்து அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு சிறுபிள்ளைபோல் உட்கார்ந்திருந்தாள். எமில்டா ஒரு நிறத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கை பழகியிருந்ததால் குழம்பு குழம்பாகவே வந்தது. சாப்பிட்டவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மீனை மட்டும் கண்ணால் பார்த்து வாங்கினாள். கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, சதையை அழுத்தினால் எழும்புகிறதா. அதுவே போதும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கார்த்திகையில் கடல் கொந்தளித்து இரண்டு மூன்று நாளாகப் படகுகள் போகவில்லை. கரையில் ஐஸில் கிடந்த பழைய மீன்தான் இருந்தது. வழக்கமாக என்றால் அவள் திரும்பியிருப்பாள். மழையில் நின்ற லாரிகள் சாலை நெடுக வரிசை கட்டியிருந்தன. இவ்வளவு பேருக்கும் இன்று முட்டைக் குழம்பா என்று நினைத்தாள். ஒரு வியாபாரியிடம் சூரை மீன் இருந்தது.

"நேத்தையதா?"

"முந்தாநாள் உள்ளதுக்கா. கரண்டு போயி ஐஸு சரியா கிடைக்கல. ஒங்களுக்குத் தெரியாததா, நீங்களே மோந்து பாருங்க."

அவள் செவுளைத் தூக்கினாள். முகத்தருகே கொண்டுபோனாள். எப்போதும்போல் கண்ணை மூடினாள். "நல்லாருக்கு" என்றாள். அவள் சொன்ன பிறகு அவனுக்கும் சந்தேகம் இல்லை.

உமாராணி அன்று புதுக் கடையில் தரைக்கல் பதிப்பதைப் பார்க்கப் போயிருந்தாள். மீனை அறுக்கும்போது ஜெமிமா தயங்கினாள். "அக்கா, லேசா ஒரு வாட வாரமாரி இருக்கு."

"மீன் எப்படி இருக்கும்னு எனக்கே சொல்லித் தாரியாளா?"

அதட்டல் பெரிதாக விழுந்தது. ஜெமிமா மீதி மீனையும் அறுத்து முடித்தாள்.

கடை மூடுவதற்குள்ளேயே முதல் ஆள் வெளியில் குனிந்து வாந்தியெடுத்தார். பிறகு ஒவ்வொருவராக. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தரையிலேயே உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் மருந்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பவுல் என்ற வயதான லாரி டிரைவருக்கு ஏற்கெனவே சர்க்கரையும் நெஞ்சுவலியும் உண்டு. அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். அதிகாரிகள் வந்து கடையைப் பூட்டினார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எமில்டாவோடு உமாராணியும் அவள் கணவர் லிங்கராஜும் நின்றார்கள். லிங்கராஜ் பலசரக்குக் கடை நடத்துகிறவர், நிதானமானவர். அவரே அன்று பதறினார்.

"கெட்ட மீனக் குடுத்தவன் மேல சொல்லிருவோம். அதுதான உண்மை? நம்ம பேரு தப்பிச்சிரும், புதுக் கடையும் தப்பிச்சிரும்."

"அவன் மேல தப்பில்ல அண்ணாச்சி" என்றாள் எமில்டா. "அவன் பழசுன்னு சொல்லித்தான் குடுத்தான். எனக்கு வாசம் தெரியாது. காய்ச்சலுக்குப் பெறவு ஒண்ணுமே தெரியல."

லிங்கராஜ் மனைவியைப் பார்த்தார். உமாராணி சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் திட்டுவாள் என்று எமில்டா காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"தினமும் உன் பக்கத்துலதானளா நின்னேன்" என்றாள் உமாராணி. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே."

அதிகாரிகள் கேட்டபோது உமாராணி நடந்ததை நடந்தபடியே சொன்னாள். மீன்காரனை மாட்டிவிடவில்லை. அதற்குப் பிறகு பாளையங்கோட்டை சாலைக் கடையை யாரும் பேச்சில்கூட எடுக்கவில்லை. பாதி தரைக்கல் பதித்த இடத்தை வேறு யாரோ செல்போன் கடைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பவுல் பிழைத்துக்கொண்டார். சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு எமில்டா அவரைப் பார்க்கப் போனாள். கட்டில் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை.

"எம்மா, நான் வாழ்க்க பூரா ரோட்டுல சாப்பிட்டவன். எந்தக் கடையில உக்காந்தாலும் சோத்த ஒருதடவ மோந்து பாத்துட்டுத்தான் கைய வப்பேன். உன் கடையிலதான் அப்படிச் செய்யல."

எமில்டா வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். அவரிடம் மன்னிப்புக் கேட்க வந்தவள், கேட்காமலே வந்துவிட்டது பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்ப உள்ளே போகக் கால் வரவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள் உமாராணி ஜெமிமாவைக் கூட்டிக்கொண்டு எமில்டாவின் வீட்டுக்கு வந்தாள். கடையைத் திறக்க அனுமதி கிடைத்துவிட்டது. இனி மீனை ஒருவர் மட்டும் பார்த்து வாங்குவது கிடையாது, கடையில் வெட்டுவதற்கு முன் எல்லோரும் பார்க்க வேண்டும், யாராவது ஒருத்தி வேண்டாம் என்றாலும் அன்று முட்டைதான் என்று சொன்னாள்.

"நீ கல்லாவுல வந்து உக்காரு எமில்டா. பங்கு உனக்கு எப்பவும்போலதான்."

"பங்கப் பத்தி இல்லளா. கல்லாவுல உக்காந்தா வாரவன் எல்லாம் இன்னைக்கு மீன் எப்படின்னு கேப்பான். நான் என்ன சொல்ல?"

உமாராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எமில்டா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். "வா ஜெமிமா. அளவு கேட்டீங்கள்லா, வா."

உமாராணி தராசைத் தரையில் வைத்து, எமில்டா கையால் அள்ளியதையெல்லாம் நிறுத்தாள். மிளகாய், மல்லி, சீரகம், வெந்தயம். சட்டி சூடானது. எமில்டா கிண்டினாள்.

"இப்ப என்ன வாசம் வருது?"

"மல்லி வறுபட்ட வாசம்க்கா."

"சரி. அதுக்குப் பெறவு இன்னொண்ணு வரும். அது வந்த உடனே எறக்கிரணும்."

"அது எப்படி இருக்கும்க்கா?"

எமில்டா வாயைத் திறந்தாள். அதற்கு அவளிடம் பெயர் இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதற்குப் பெயர் தேவைப்பட்டதில்லை. அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைவிலும் அது வரவில்லை. கரண்டி அப்படியே நின்றது. சட்டியில் மல்லி கருகிப் புகை எழும்பியது. ஜெமிமாதான் அடுப்பை அணைத்தாள்.

"எனக்குச் சொல்லத் தெரியலளா" என்று எமில்டா சொன்னாள். அப்புறம்தான் அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், அந்தக் கருகிய சட்டிக்கு முன்னால் சத்தம் போட்டு அழுதாள். உமாராணி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று முழுக்க நாலைந்து தடவை வறுத்தார்கள். கடைசியில் ஜெமிமா தானாகவே ஒரு இடத்தில் இறக்கினாள். அது சரியா தப்பா என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை.

கடை திறந்தது. அடுப்படியில் ஜெமிமா நின்றாள். பழைய கூட்டத்தில் பாதிதான் வந்தது. பழைய ருசி இல்லை, ஆனால் நன்றாக இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். பவுல் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்று யாரோ சொல்லித் தெரிந்தது. எமில்டா கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உமாராணி வருவாள். மழை, பிள்ளைகளின் படிப்பு, தெருவில் தோண்டிப்போட்ட பள்ளம் என்று பேசுவார்கள். கடையைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

பங்குனியில் ஒரு நாள் உமாராணி ஒரு பார்சலோடு வந்தாள். அதை மேசையில் வைத்தாள். எமில்டா இலையைப் பிரித்து, குழம்பைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். இரண்டாவது வாயை மெதுவாக மென்றாள்.

"புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"அவகிட்டச் சொல்லட்டுமா?"

எமில்டா யோசித்தாள்.

"வேண்டாம். அது அவ குழம்பு. அவளுக்கு எப்படித் தோணுதோ அப்படி வைக்கட்டும்."

மீதிச் சோற்றையும் பிசைந்து முழுக்கச் சாப்பிட்டாள். உமாராணி எதிரில் உட்கார்ந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.