மூன்றாவது மாடிக் கதவு

லிஃப்ட் மூன்றாவது மாடியில் வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக் தரையில் ஒருக்களித்துப் படுத்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் பயணி ஒருவன் கையில் பெட்டியோடு உள்ளே நின்றுகொண்டிருந்தான். மூன்று வாரமாக அவன் அங்கேதான் நிற்கிறான். முதல் மாடியில் கதவு ஒழுங்காகத் திறந்து மூடும். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் மட்டும் மோட்டார் உறுமும், கயிறு விறைக்கும், கதவு ஆணி அடித்தாற்போல் நிற்கும். ஏன் மூன்றாவது என்று யாராவது கேட்டால் அவரிடம் நான்கு பக்கத்துக்கு விளக்கம் இருந்தது. திறக்க வைக்கத்தான் வழி இல்லை.

“ஊர்ல உள்ள லிஃப்டை எல்லாம் ஓட வெச்சுட்டு வர்றீங்க. வீட்டு லிஃப்டு மட்டும் ஓட மாட்டேங்குது,” என்றாள் மனைவி, அவருடைய கால்களைச் சுற்றிக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனவள்.

“பேச்சுக் குடுக்காதம்மா. சத்தத்த வெச்சுத்தான் எங்க மாட்டுதுன்னு கண்டுபிடிக்கணும்.”

“மூணு வாரமா கேட்டுட்டுதான் இருக்கேன். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.”

கட்டுமானப் பொம்மைப் பெட்டிகளை ஐம்பது வயது மனிதர் வாங்குவதைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் எல்லாம் இப்போது ஓய்ந்துவிட்டார்கள். முன்னறையின் ஒரு சுவர் முழுக்க அவருடையது. துளைச் சட்டங்கள், பல்சக்கரங்கள், அச்சுக் கம்பிகள், கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்ன முளைகள் என எல்லாமே பழைய கண்ணாடிக் கூடுகளில் வகை பிரித்து வைக்கப்பட்டிருந்தன. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். கடையில் கழித்துப் போடும் கூடுகள் அத்தனையும் இங்கே வந்து சேர்ந்துவிடும். அவள் தன் படிக்கும் கண்ணாடியைத் தேடி ஒரு கூட்டைத் திறக்க, உள்ளே நாற்பது முளைகள் இருப்பது அந்த வீட்டில் வாரத்துக்கு ஒரு முறையாவது நடக்கும்.

இந்தப் பொம்மைகளைப் பற்றி அவருக்கு அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றை வைத்து ஒரு வலைப்பூவே நடத்தினார். கம்பெனி புதிதாக ஒரு பாகம் வெளியிட்டால் அதை நிறுத்தி வைத்து மூன்று கேள்வி கேட்பார். பழைய பாகங்களால் முடியாத எதை நீ செய்கிறாய்? எந்தப் பொம்மைக்காகப் பிறந்தாயோ அதைத் தவிர வேறு எங்காவது உனக்கு வேலை உண்டா? உன்னைத் தலைகீழாக மாட்டினால் என்ன ஆவாய்? ஒரே ஒரு காருக்கு மட்டும் பொருந்தும் கதவை அவர் பாகம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். இந்த வருடம் வந்த கியர் மாற்றுப் பெட்டியை, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதபடி மூடி வைத்திருப்பதை, ‘சோம்பேறிகளுக்கான டப்பா’ என்று திட்டித் தீர்த்திருந்தார். மூன்றாவது மாடிக் கதவை அந்த டப்பா ஒரு நொடியில் திறந்துவிடும். அது அவருக்கும் தெரியும். அதனாலேயே அதை வாங்க மாட்டார். அதே மனிதர்தான், பாதி சொரசொரப்பும் பாதி வழவழப்புமாக இருக்கும் ஒரு சின்ன முளைக்கு ஆறு பக்கம் புகழ் பாடினார். ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறது, மறுபக்கம் சுற்ற விடுகிறது, இதைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று எழுதினார். ‘சிலையையும் அதே முளையால்தான் மாட்டணும், இல்லாவிட்டால் நீ ஒத்துக்க மாட்டே’ என்று கீழே ஒரு பின்னூட்டம் வந்தது. எழுதியவர் பஸ் டிரைவர்.

டிரைவரும் அவரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் அந்த ஊர்ப் பொம்மைச் சங்கம். பதினோரு பேர். வருடத்துக்கு ஒரு முறை நூலகத்து மேல் அறையில் கண்காட்சி. விதி ஒன்றே ஒன்று: வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, அரத்தால் ராவக் கூடாது. கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அப்படியே மாட்ட வேண்டும். விதியை எழுதியவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு முன் டிரைவர் ஒரு பஸ் கொண்டுவந்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்கள் இரண்டும் வேறு வேறு கோணத்தில் திரும்பும், நிஜ பஸ்ஸைப் போலவே. எல்லோரும் சுற்றி நின்று வாய் பிளந்தார்கள். நடுவராக இருந்த இவர் சட்டைப்பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தார். ஓர் அச்சுக் கம்பி இரண்டு மில்லி குறைந்தது. “ராவியிருக்கு,” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

“இந்த நீளத்துல அவங்க போடலன்னா நான் என்ன தம்பி பண்றது?” என்று மட்டும் கேட்டார் டிரைவர். பஸ்ஸை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். பிறகு வரவே இல்லை. பின்னூட்டமும் நின்றுபோனது.

இந்த வருடப் பெட்டியில் அந்தக் கம்பி வந்திருந்தது. புது நீளம், சாம்பல் நிறம். இவர் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து ஒரு கண்ணாடிக் கூட்டில் போட்டு வைத்தார். கூட்டின் மேல் எதுவும் எழுதவில்லை.

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருந்தபோது லிஃப்ட் ஓடியது. முதல் நாள் பிரித்துத் தட்டில் போட்டு வைத்திருந்ததை, வேலையிலிருந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு, நம்பிக்கையே இல்லாமல் மறுபடி மாட்டினார். சுவிட்சைத் தட்டினார். முதல் மாடி, இரண்டாவது மாடி. மூன்றாவதில், மோட்டாரைக் கயிற்றிலிருந்து கதவுக்கு மாற்றிவிட வேண்டிய சிவப்பு வளையம் அச்சின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. கயிற்றை விட்டது, கதவைப் பிடித்தது. கதவு திறந்தது. பெட்டியோடு நின்ற பயணி மூன்று வாரத்துக்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்த்தான். மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியைக் கூவி அழைத்து நான்கு மாடியும் ஏற்றி இறக்கிக் காட்டினார். அவள் கைதட்டினாள், கொஞ்சம் கூடுதலாகவே.

அதே சூட்டில் உட்கார்ந்து வலைப்பூவுக்கு எழுத ஆரம்பித்தார். தலைப்பு ‘அரம் வேண்டாம், பொறுமை போதும்.’ இரண்டு பத்தி முடித்ததும் படம் எடுக்க வளையத்தைக் கழற்றி விளக்கடியில் வைத்தார். உருப்பெருக்கியில் பார்த்தவர் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். வளையத்தின் உள் விளிம்பு பளபளத்தது. வார்ப்பச்சிலிருந்து வரும் எந்தப் பிளாஸ்டிக்குக்கும் அந்தப் பளபளப்பு வராது. இருபத்தாறு வருடமாகத் தன் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் லென்ஸின் ஓரத்தில் அவர் தினமும் பார்க்கிற பளபளப்பு அது.

“நீ தொட்டியா இத?”

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அரை நிமிஷ வேலை. கடையில லென்ஸ் தேய்க்கற சக்கரத்துல லேசா ஒரு சுத்து. மதியம் நீங்க வர்றதுக்குள்ள கொண்டுவந்து வெச்சுட்டேன்.”

“ராவக் கூடாதுன்னு விதி எழுதினவனே நான்தாம்மா!”

“ஏன், நேத்து ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மாட்டுச்சுன்னு உப்புத்தாள் போட்டுத் தேச்சேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது வேலை. இது விளையாட்டு.”

“என் கடைக்கு வர்ற எந்த ஃப்ரேமும் எந்த மூஞ்சிக்கும் வந்தபடியே உக்காராதுங்க. காதுகிட்ட ஒரு வளைப்பு, மூக்குல ஒரு நகர்த்தல். அதுக்கப்புறம்தான் அது அவங்க கண்ணாடி.” அவள் ஒரு சட்டையை உதறினாள். “மூணு வாரமா நீங்க வாயத் தொறந்து சிரிக்கல. எனக்குப் பொறுக்கல, தொட்டேன். திட்டறதுன்னா திட்டிக்குங்க.”

திட்டப் போனவருக்கு வேறொன்று உறைத்தது. இருநூற்றுச் சொச்சம் பாகத்தில் இந்த வளையம்தான், அதிலும் உள் விளிம்புதான் என்று இவளுக்கு எப்படித் தெரிந்தது? அவருக்கே தெரியாததாயிற்றே. கேட்டார்.

அவள் மடிப்பதை நிறுத்தினாள். “டிரைவர் அண்ணன் படிக்கற கண்ணாடி வாங்க வந்தாரு. ‘லிஃப்டு எத்தனாவது மாடில நிக்குது?’ன்னுதான் மொதல்ல கேட்டாரு. நீங்க எழுதறத ஒண்ணு விடாமப் படிக்கறாரு போல. ‘செவப்பு வளையத்தோட உள் ஓரம் பிடிக்குதும்மா, படத்துலயே தெரியுது. அவன்கிட்ட சொன்னா சண்டைக்கு வருவான், நீயே தொட்டுடு’ன்னாரு.”

மெக்கானிக் பாதி எழுதியதை அழித்தார். இரண்டு வருடமாக ஒருவர் சத்தம் காட்டாமல் தன் வீட்டு முன்னறையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் மதியம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு பஸ் நிலையத்துக்குப் போனார். சட்டைப்பையில் இரண்டு கண்ணாடிக் கூடுகள். டிரைவர் தன் இருக்கையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். புதுக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது.

“ஏறு தம்பி. வெயில்ல ஏன் நிக்கறே?” என்றார், நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்ததுபோல.

மெக்கானிக் ஏறி முதல் கூட்டை நீட்டினார். டிரைவர் வளையத்தை எடுத்தார். கண்ணாடியை இறக்கவில்லை. சுண்டுவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

“தொட்டிருக்கு.”

“ஆமாண்ணே.”

“என் அரத்துக்கு இவ்வளவு சுத்தம் வராது. தங்கச்சிக்கு நல்ல கை.”

“நாளைக்குப் போட்டி மேசைல வைக்கல. ராவினதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடப் போறேன். விதி விதிதான், அதுல மாத்தமில்ல.” இரண்டாவது கூட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். “ஆனா அன்னிக்கு உங்கள எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு அளந்தேன் பாருங்க, அது தப்பு. பெரிய தப்புண்ணே.”

டிரைவர் முன்கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் இரண்டாவது கூட்டைத் திறந்து சாம்பல் நிறக் கம்பியை அவர் கையில் வைத்தார். டிரைவர் இப்போது கண்ணாடியை இறக்கி, கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அதே நீளமா?”

“அதேதான். வெர்னியர் வெச்சுப் பாத்துட்டேன்.”

“நீ பாக்காம இருப்பியா!” டிரைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டு வருஷம் லேட்டு இவனுங்க. நீ ஒரு புதுப் பாகத்த நிக்க வெச்சு மூணு கேள்வி கேப்பியே, நாலாவதா ஒண்ணு சேத்துக்க. உன்ன மொதல்ல எவன் வீட்டுல ராவினாங்கன்னு கேளு.”

கம்பியைத் திரும்ப நீட்டினார். “இத நீயே வெச்சுக்க. என் பஸ்ஸுல பழசு நல்லாத்தான் திரும்புது.”

வளையத்தைத் திருப்பித் தரவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் உறுமியது.

“அண்ணே, அது இல்லாட்டி லிஃப்டு ஏறாது.”

“தெரியும்,” என்றார் டிரைவர். “நாளைக்கு எத்தன மணிக்கு ஏறணும்?”

“பத்து மணிக்கு.”

டிரைவர் ‘ம்’ என்றார். மெக்கானிக் எங்கே இறங்குவது என்று யோசிக்காமல் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். வளையத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. பஸ் நிலையத்தை விட்டு வெளியேறி இடப்பக்கம் திரும்பியது. சிவப்பு வளையம் பலகையின் அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த முனையில் வலப்பக்கம் திரும்பியபோது இந்தக் கோடிக்கு வந்தது, எங்கேயும் மாட்டாமல்.