பிள்ளைகளுக்காக ஐந்நூறு கிலோ

...ஐந்நூறு என்று அடித்துவிட்டாள், அடித்த பிறகுதான் அது தன் விரல் என்று உறைத்தது, கூடுதல் எரிபொருள் என்ற கட்டத்தில், காலியாக விடுங்கள், காலியாக விடுங்கள் என்று நான்கு வருடமாக விமானிகளிடம் மன்றாடிய அதே கட்டத்தில்... அழித்துவிடலாம், இன்னும் அனுப்பவில்லை. நைரோபியிலிருந்து கிகாலி ஒன்றேகால் மணி நேரம்தான், போவதற்கு வேண்டியது இருக்கிறது, அங்கே இறங்க முடியாமல் போனால் பக்கத்து விமான நிலையமான என்டெபேவுக்குப் போக வேண்டியது இருக்கிறது, அதற்கும் மேல் அரைமணி நேரம் வானத்தில் சுற்றவும் இருக்கிறது, எல்லாம் விதிப்படி உள்ளேயே இருக்கிறது, பிறகு எதற்கு இந்த ஐந்நூறு கிலோ? எதற்கென்று கெமுன்டோவுக்குத் தெரியும். இன்று முதன்முறையாகக் கேப்டனாக இடது இருக்கையில் உட்காரப்போவது பொசிபோரி, அவள் பெற்ற மகள். இன்றைக்குப் பார்த்தா முசெம்பிக்கு மலேரியா வர வேண்டும்? பயணத் திட்டம் போடுவது அவன் வேலை, அவள் எரிபொருள் சிக்கனப் பிரிவுக்குத் தலைவியாகி மாடிக்குப் போய் வருடங்களாகிவிட்டன, பழைய நாற்காலியில் உட்கார்ந்ததும் பழைய கை திரும்பி வந்துவிட்டதா, இல்லை இது வேறு கையா...

விமானிகள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், ‘பிள்ளைகளுக்கு’. திட்டத்தில் என்ன இருந்தாலும் அதற்கு மேல் கொஞ்சம் கேட்பார்கள், கேப்டன் கேட்டால் மறுக்க முடியாது, கடைசிச் சொல் அவருடையது, எதற்கு சார் என்றால் பத்திரமாக வீடு திரும்ப வேண்டாமா, பிள்ளைகளுக்கு என்று சிரிப்பார்கள். கேப்டன் ஒகுமுதான் எல்லோரையும்விட மோசம், மேகமே இல்லாத நாளிலும் எண்ணூறு. எத்தனை முறை அவரை மாடிக்கு வரவழைத்திருப்பாள், நூறு கிலோவைச் சும்மா சுமந்து போனால் அதைச் சுமக்கவே மணிக்கு மூன்று நான்கு கிலோ எரிகிறது கேப்டன், யாருக்கும் உதவாத புகை அது... ஒரு நாள் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், “உங்க பிள்ளைங்க ஸ்கூல்ல பத்திரமா இருக்காங்க சார், அவங்கள எதுக்கு தினமும் விமானத்துல ஏத்துறீங்க?” என்று கேட்டாள். அறையே சிரித்தது. ஒகுமு சிரித்தாரா? தொப்பியை எடுத்துக்கொண்டு, “சரிம்மா, நீ கணக்குல கெட்டி” என்று மட்டும் சொன்னார், மறுநாளும் எண்ணூறு ஏற்றினார், ஓய்வு பெறும் நாள்வரை ஏற்றினார்.

அதுவும் இன்றைக்கு, இந்த எரிபொருளிலா... மூன்று வருடம் அலைந்து வாங்கிய கலவை, வறுவல் கடைகளில் பொரித்துக் கழித்த எண்ணெயை வாளி வாளியாகச் சேர்த்து, கப்பலில் அனுப்பி, விமானத்துக்கு ஏற்றதாக மாற்றி, திரும்ப வரவழைத்து, சாதாரண எரிபொருளோடு கொஞ்சமாகக் கலந்தது, விலையோ பல மடங்கு, ஒவ்வொரு கிலோவுக்கும் அவள் பதில் சொல்ல வேண்டும். நேற்றுச் சாப்பிடும்போது உகாலிக் களியைக் கையில் உருட்டிக்கொண்டே பொசிபோரி கேட்டாள், “ஏம்மா, நான் மேல போனா கீழ சிப்ஸ் வாசம் வருமா? ஜனங்க பசியில அண்ணாந்து பாக்கப் போறாங்க.” சிரிக்கும்போது அந்த நெஞ்சில் இப்போது இழுப்பு இல்லை. எம்பகாசியில், விமானங்கள் தாழ்ந்து போகும் அந்தப் பழைய வீட்டில், கொடியில் காய்ந்த துணியெல்லாம் மண்ணெண்ணெய் மணக்கும், குழந்தைக்கு மூச்சு இழுக்கும், இரண்டுக்கும் சம்பந்தம் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை, அவளே சொல்லிக்கொண்டாள், அந்த வைராக்கியத்தில்தான் இந்தப் பிரிவையே தொடங்க வைத்தாள். ஆனால் தோளில் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்த குழந்தை என்ன செய்தது? ஜன்னலுக்கு வெளியே விமானம் வந்ததும் அழுகையை நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டே விரலை நீட்டி, “போகுது” என்றது... அப்போது, இந்த நெஞ்சுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று கொடு என்றுதானே வேண்டினாள், தேவையான அளவு போதும் என்றா வேண்டினாள்? அனுப்பு என்ற பொத்தானை அழுத்திவிட்டாள்.

உடனே தொலைபேசி, மகள்தான். “மேடம், இந்த ஐந்நூறு யாருது?” மேடமாம். “கிகாலில பனி...” என்று இழுத்தாள். “நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள கலைஞ்சிடும்னு நீங்க அனுப்புன வானிலை அறிக்கையே சொல்லுது.” “காத்து எப்படி இருக்குமோ...” “காத்தா? இலை கூட ஆடாது மேடம்.” பின்னால் துணை விமானி சிரிப்பது கேட்டது. பிறகு குரல் தணிந்து, “அம்மா, நீயும் ஒகுமு சார் ஆயிட்டியா?” என்றாள். கெமுன்டோவுக்குக் காது சுட்டது. சரி, எடுத்துடு, தப்புத்தான், பழக்க தோஷம் என்றாள், யாருடைய பழக்கம் என்று மகள் கேட்கவில்லை. “நானூறை எடுத்துட்டேன். நூறு இருக்கட்டும்.” “அது எதுக்குடி? வேண்டாம்னா முழுசா வேண்டாம்.” “எல்லாரும் பிள்ளைங்களுக்குச் சுமக்குறாங்க, எனக்குப் பிள்ளையா குட்டியா? இது அம்மாவுக்கு. மாசக் கடைசில திட்டி மெயில் அனுப்பு, படிச்சுக்கிறேன்.” வைத்துவிட்டாள்.

ஜன்னலில் அந்த விமானத்தின் வெள்ளை வால் மெல்ல நகர்ந்தது, ஓடியது, எழுந்தது, சிப்ஸ் வாசம் வரவில்லை, வழக்கமான மண்ணெண்ணெய் நெடிதான், வழக்கமான இரைச்சல்தான். நூறு கிலோ, அதைச் சுமக்க நான்கு கிலோ, விக்டோரியா ஏரிக்கு மேலே எங்கேயோ அது புகையாகும், அவள் பெயரில். வீண்தான், நேற்றும் வீண், இன்றும் வீண், மாசக் கடைசியில் மெயில் அனுப்பத்தான் போகிறாள், மற்றவர்களுக்கு அனுப்பும் அதே வார்த்தைகளில்... ஆனால் இந்தக் கை ஏன் நெஞ்சில் இருக்கிறது, எப்போது இங்கே வந்தது? ஒகுமுவுக்கு அந்த மெயிலை மாதாமாதம் அனுப்பியிருக்கிறாள், அவர் எத்தனை டன் வீணாக்கினார் என்று இப்போது கேட்டாலும் சொல்வாள். எத்தனை பிள்ளைகள் என்றால்? இரண்டா, மூன்றா, அவர்களும் இழுப்போடு யார் தோளிலாவது கிடந்தார்களா... பிள்ளைகளுக்கு என்று அவர் சொன்ன ஒரு நாளாவது, எத்தனை பேர் சார் என்று கேட்டிருக்கலாம். ஒருவேளை, ஒருவர்கூட இல்லையோ?