கொதிக்க வைத்த கோஸ்

"அழுகின கோஸையா என் தம்பிக்குக் கொடுக்கப் போறே?"

நாத்தனார் இப்படிக் கேட்டபோது, தம்பி மனைவியான அவள் கையில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. மெல்லிசாக நறுக்கிய முட்டைக்கோஸும் கேரட்டும் உப்புநீரில் முங்கிக் கிடந்தன. மூடியைத் தளர்த்தியதும் உஸ்ஸென்று காற்று வெளியேறியது. நாத்தனார் ஓர் அடி பின்னால் போனாள்.

"அழுகல அக்கா, புளிச்சிருக்கு. கிளினிக்ல சாப்பாட்டு யோசனை சொல்ற அம்மா எழுதிக் கொடுத்தாங்க."

"எழுதிக் கொடுத்தவங்களா வந்து பாத்ரூம் கழுவப் போறாங்க?"

அவள் மூடியைத் திருகி மூடினாள். வீட்டில் பாத்ரூம் பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத நாட்கள் அவை.

அவள் கணவன் விரைவுப் பேருந்து ஓட்டுகிறவன். இரும்புத் தகடு கிழித்த கணுக்கால் புண் சீழ் பிடித்து, ஆறு வாரம் கடுமையான மாத்திரைகள் விழுங்கினான். புண் ஆறியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, வயிறு போய்விட்டது. என்ன சாப்பிட்டாலும் அரை மணியில் ஓட்டம். அவன் ஓட்டும் தடத்தில் மூன்றரை மணி நேரத்துக்கு நிறுத்தமே கிடையாது. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே ஐம்பது பயணிகளையும் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் நிறுத்திவிட்டு ஓடினான். இரண்டாம் நாள் மூன்று இடத்தில். டிப்போவில் அவனுக்கு 'டவுன் பஸ்' என்று பெயர் வைத்தார்கள். மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனாலும் சொல்லிவிட்டார்: "அடுத்த மாசக் கடைசிக்குள்ள சரியாகி வாங்க. இல்லேன்னா கேட்ல உக்காந்து வண்டி நம்பர் எழுதுங்க." பத்தொன்பது வருடம் வண்டி ஓட்டியவன் அதைக் கேட்டுவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

கிளினிக் அம்மா விளக்கமாகச் சொல்லியிருந்தாள். மருந்து கெட்ட கிருமியோடு நல்ல கிருமியையும் அடித்துவிட்டது. உப்பில் தானாகப் புளித்த காய்கறியில் அந்த நல்ல வகை உயிரோடு இருக்கும். எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது, சிலருக்கு உதவும். "இது மருந்து இல்லம்மா, சாப்பாடு. உப்பு ஜாஸ்தி, அதனால ரெண்டு ஸ்பூனுக்கு மேல வேணாம். அடுப்புல மட்டும் வச்சிடாதீங்க."

அவள் சட்டைக்குப் பொத்தான் தைக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். ஒரு கிலோ காய்க்கு இருபது கிராம் உப்பு என்றிருந்ததால், பொத்தான் நிறுக்கும் தராசில் உப்பை நிறுத்து, பொத்தான் கவரிலேயே போட்டு எடுத்து வந்தாள். காயை உப்போடு பிசைந்து, விட்ட நீரிலேயே அமுக்கி, மிதக்காதபடி மேலே ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். எட்டாம் நாள் புளிப்பு சரியாக இருந்தது.

காலை ஏழு மணிக்கு அவள் கிளம்பிவிடுவாள். தம்பிக்குச் சோறு போடுவது நாத்தனார் பொறுப்பு. அதற்காகத்தான் வந்திருந்தாள். ஒரு பள்ளி விடுதியில் இருபத்தாறு வருடம் சமையல் செய்து ஓய்வு பெற்றவள். "ஸ்பூன் கணக்கா கொடுத்துட்டீங்களா அக்கா?" என்று சாயங்காலம் கேட்டால், "கொடுத்தாச்சு, கொடுத்தாச்சு" என்பாள்.

இரண்டு வாரம் போயும் ஒரு மாற்றமும் இல்லை. கோஸ் தோற்றுவிட்டது என்றே அவள் முடிவு செய்திருந்தாள்.

ஒரு நாள் கூடத்தில் மின்சாரம் போய்விட, மதியமே அனுப்பிவிட்டார்கள். மாடிப்படி ஏறும்போதே புளிப்பும் ஆவியும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. உள்ளே அடுப்பில் சின்னச் சட்டி. சட்டியில் அவள் கோஸ் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா இது?"

நாத்தனார் கரண்டியோடு திரும்பினாள். "பச்சையா எப்படிம்மா கொடுக்கறது? நுரை கட்டியிருக்கு. பத்து நிமிஷம் கொதிச்சா எல்லாம் செத்துடும்."

"அது சாகக்கூடாதுன்னுதானே கொடுக்கறோம்."

நாத்தனார் அடுப்பை அணைத்தாள். சட்டியை இறக்கிவைத்தாள்.

"விடுதில ஒரு தடவை, முதல் நாள் மிஞ்சினதை மறுநாள் போட்டுட்டேன். முப்பத்தெட்டு பிள்ளைங்க ஆஸ்பத்திரில. யார் உயிருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அன்னிக்கு ராத்திரி நான் கட்டில் கட்டிலா நடந்தது எனக்குத்தான் தெரியும். அதுக்கப்புறம் குடிக்கிற தண்ணியக்கூட ரெண்டு தரம் காய்ச்சுவேன்."

சூடு கண்ட பூனையிடம் என்ன சண்டை போடுவது? அவள் உள்ளறைக்குப் போனாள். கணவன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"உங்களுக்குத் தெரியுமா, அக்கா இதை வேக வச்சுக் கொடுத்தது?"

"தெரியும்."

"வேக வைக்கக் கூடாதுன்னு கிளினிக்ல சொன்னப்ப நீங்களும்தானே பக்கத்துல இருந்தீங்க?"

"இருந்தேன். அவகிட்ட சொன்னா அவ அழுவா. உங்கிட்ட சொன்னா நீ சண்டை போடுவே. மத்தளம் எந்தப் பக்கம்டி திரும்பும்?"

"வயிறு உங்களோடதுதானே?"

"அதான் பேசாம தின்னேன்."

கோபம் வந்த இடத்திலேயே அவளுக்குச் சிரிப்பும் வந்தது. மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

வெளியே வந்தபோது நாத்தனார் ஜாடியைத் திறந்துவைத்து, இரண்டு ஸ்பூன் கோஸைக் கிண்ணத்தில் எடுத்திருந்தாள்.

"நான் தின்னு பாக்கறேன். நாளைக்கு இந்நேரம் வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா அவனுக்குக் கொடு."

கண்ணை மூடிக்கொண்டு, விஷம் குடிப்பவள் போல வாயில் போட்டு மென்றாள். அப்புறம் கண்ணைத் திறந்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா உப்பு" என்றாள்.

மறுநாள் நாத்தனாரே தன் கையால் தம்பிக்குப் பச்சையாகக் கொடுத்தாள். முதல் மூன்று நாள் வயிறு இரைந்தது. "ஆரம்பத்துல இரையும்னு சொன்னாங்க" என்று அவள் சொல்லச் சொல்ல, நாத்தனார் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் அவன் ஒரே தடவைதான் எழுந்து போனான். கோஸாலா, நாள் போனதாலா, யார் கண்டார்கள்? அவர்கள் ஜாடியைக் காலி செய்வதிலேயே குறியாக இருந்தார்கள்.

அப்புறம் அவன் ஒரு வேலை செய்தான். சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தான்.

"என்ன பண்றே?" என்றாள் நாத்தனார்.

"வண்டி எடுக்கறேன்."

முதல் நாள் ஐம்பது நிமிடத்தில் 'பஸ்' நின்றது. அடுத்த நாள் ஒன்றே முக்கால் மணி. நாத்தனார் பின்னால் பாயில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி, "டிரைவர், மெதுவா போங்க, தலை சுத்துது" என்பாள். மூன்றாம் நாள் வியர்த்துப்போய் எழுந்து ஓடினான். அன்று யாரும் கேலி செய்யவில்லை.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் பொத்தான் கூடத்துக்கு விடுமுறை. காலை எட்டேகாலுக்கு அவன் உட்கார்ந்தான். பத்து மணிக்கு அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பதினொன்றுக்கு மூவரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை அவன் இடுப்பை நெளித்தான். நாத்தனார் உரித்த பூண்டைக் கையிலேயே வைத்திருந்தாள். அவன் மறுபடியும் சாய்ந்துகொண்டான்.

பதினொன்றே முக்கால்.

"ஊர் வந்தாச்சுங்க," என்றாள் அவள். "இறங்கலாம்."

அவன் எழுந்திருக்கவில்லை. இன்னும் பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து முகம் கழுவினான். ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையை எடுத்து மாட்டி, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டான். லைசென்ஸ் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். மேலாளர் ஒரு மணிக்குச் சாப்பிடப் போய்விடுவார்.

நாத்தனார் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவள் கையமர்த்தினாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, இருவரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, படியிறங்கி டிப்போ பக்கம் நடந்தான்.