ஒரு சேவலுக்குப் பன்னிரண்டு

எண்ணட்டும். சீக்கிரம் எண்ணி முடிக்கட்டும். பன்னிரண்டு என்று மைக்கில் ஒரு குரல் கேட்டுவிட்டால் போதும். அப்புறம் இந்த மலையே இடிந்து விழுந்தாலும் எனக்கென்ன.

தெல்ஃபினா இதை யாரிடமும் சொல்லவில்லை. சாந்தா ரீத்தா பண்ணையின் வெளிவாசலில், பறக்கப் பார்க்கும் தொப்பியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அவளுடைய தம்பிகள் இருவரும் நீளமான யூக்கலிப்டஸ் கழியைத் தோளில் தாங்கி நின்றார்கள். கால்கள் கட்டப்பட்ட சேவல்கள் அதில் தலைகீழாகத் தொங்கின. உள்ளே முற்றத்தில் கிதார்கள் முழங்கிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து கூப்பிடும்வரை வாசலில் நிற்பதுதான் முறை.

போன வருஷம் சான் பெத்ரோ புனிதரின் விழாவில், இதே முற்றத்தில், அவள் கணவன் ரோமுலோ ஒரு சேவலைக் கையில் வாங்கிக்கொண்டான். ஒன்றை வாங்கியவன் அடுத்த சான் பெத்ரோவுக்குப் பன்னிரண்டாகக் கொண்டுவந்து வைக்கவேண்டும். அன்றைய சாப்பாடு, சிச்சா என்னும் சோளக் கள், வாத்தியம் எல்லாம் அவன் பொறுப்பு. ஒன்று குறைந்தாலும் கணக்கு தீராது. மறு வருஷமும் முதலிலிருந்து எல்லாம் அவன் தலையில்தான்.

முன்பெல்லாம் பண்ணை முதலாளி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சேவல்களை வாங்கிக்கொள்வாராம். முதலாளி குடும்பம் போய், நிலம் பிரிந்து, பெரிய வீடு ஊர்ப் பொதுவுக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது அங்கே சனிக்கிழமை பூவேலை வகுப்பு நடக்கிறது. தானியக் கிடங்கில் பிள்ளைகள் உட்கார்ந்து கதைப்புத்தகம் படிக்கிறார்கள். ஞாயிறன்று பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் விற்கிறார்கள். இந்தச் சேவல் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. வராந்தாவில் நின்று வாங்கிக்கொள்பவர் இப்போது அந்தப் பெரிய வீட்டுக் கமிட்டியின் தலைவர் கொன்சாலோ.

ரோமுலோ ஏன் வாங்கினான் என்று தெல்ஃபினாவுக்குத் தெரியும். அவனுடைய அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடிக்காமல் அந்த வராந்தாப் படிக்கட்டின் பக்கம் போனதே இல்லை. ரோமுலோ தொப்பியோடு ஏறினான். மேல் படியில் நின்று சேவலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். கூட்டத்தோடு சேர்ந்து அவளும்தான் கைதட்டினாள். அன்று அவளுக்குக் கண்கூடக் கலங்கியது. சில மாதம் கழித்து அவன் எலுமிச்சை பறிக்கும் வேலைக்கு ஸ்பெயினுக்கு விமானம் ஏறினான். அந்தப் பெருமையை அவன் கொண்டுபோய்விட்டான், சேவலை அவளிடம் விட்டுவிட்டு.

பிறகு அந்த வருஷம் முழுவதும் சேவல்தான். ரோஜா வளர்க்கும் கொட்டகையில் வேலை பார்த்து, முள்ளும் மருந்தும் பட்டு எரியும் கைகளோடு வீட்டுக்கு வந்து, அவற்றுக்குத் தீனி போடுவாள். ஒன்றையொன்று கொத்திக்கொண்ட கொண்டைகளில் சாம்பலைத் தடவுவாள். ஒன்று கூவினால் எல்லாம் கூவும். தலைநகர் கீத்தோவில் அக்காளுக்குக் குழந்தை பிறந்தபோது போய் ஒரு ராத்திரி தங்க முடியவில்லை. ரோமுலோ போன் செய்தால் முதல் கேள்வி, "சேவலெல்லாம் நல்லா இருக்கா?" அதற்காக அவள் கோபப்பட்டதில்லை. அவளும் முதலில் சம்பளம் வந்ததா என்றுதான் கேட்பாள். கழிக்கு இரண்டு முனை இருப்பதுபோல, இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டிருப்பதாக ஆரம்பத்தில் நினைத்துக்கொண்டாள். போகப்போக அவன் பக்கத்தில் கனம் இல்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே தப்பு என்றும் தோன்றியது.

இன்று விடிகாலையில் சேவல்களை அடைத்திருந்த அறையின் கதவைத் திறந்தபோது கருஞ்சேவல் செத்துக் கிடந்தது. கழுத்தில் இரண்டு சின்ன ஓட்டை. சுக்குரி வந்துபோயிருந்தது. கீரியை விடச் சின்ன உடம்பு, சுவரின் எந்த விரிசலிலும் நுழைந்துவிடும். அவள் சேவலைத் தூக்கவில்லை, அழவுமில்லை. கதவுச் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு வருஷம்" என்று மட்டும் நினைத்தாள்.

பள்ளத்தாக்கில் இருக்கும் எல்லாச் சேவலும் இன்று யாருக்காவது சொல்லிவைத்தவை. விழாப் பக்கமே வராத வீடு ஒன்றுதான், அடுத்த வீட்டு நோயெமியின் வீடு. அவள் அல்லேலூயா சபைக்காரி. சிச்சா தொடமாட்டாள், ஆடமாட்டாள், புனிதர்களைக் கும்பிடமாட்டாள்.

"நோயெமி, ஒரு சேவல் வேணும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் கேக்கறேன். சான் பெத்ரோவுக்குன்னா எங்கிட்ட சேவலே கிடையாது. பாஸ்டர் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"சரி, விடு." தெல்ஃபினா திரும்பினாள்.

"நில்லுடி. அதுக்குள்ள எங்க ஓடற? உனக்குன்னு கேளேன்."

தெல்ஃபினா திரும்பி வந்தாள். "எனக்கு வேணும்," என்றாள்.

"அப்ப நீயே பிடிச்சுக்கோ. என்னைக் கண்டா கொத்தும், சனியன்."

சிவப்பும் மஞ்சளுமாக இருந்த அந்தச் சேவலைத் துரத்திப் பிடிப்பதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. நோயெமி வைக்கோல்போரில் சரிந்து உட்கார்ந்து சிரித்தாள்.

"அடுத்த வருஷம் நான்..." என்று தெல்ஃபினா ஆரம்பித்தாள்.

"அடுத்த வருஷம் என்ன? பன்னிரண்டாக் கொண்டாந்து கொட்டப்போறியா? எங்க வெப்பேன் நான், என் தலையிலயா? போ, போ. தொடையில கொத்தாமப் பாத்துக்கோ."

வாசலில் நிற்கும்போது அந்தப் பேச்சுதான் மனசில் ஓடியது. வாங்கியதற்கு ஒன்றும் திருப்பித் தரவேண்டாம் என்பதை அவளால் ஏற்கவே முடியவில்லை. எங்கேயோ ஏதோ பாக்கி இருப்பதுபோலவே இருந்தது.

"தெல்ஃபினா வீட்டுக் கழி வரலாம்!" என்று மைக் கத்தியது.

முதுகில் மணிகள் கட்டிய ஆட்டக்காரர்கள் முன்னே குதித்துப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் கழி, அதற்குப் பின்னால் அவள். முற்றத்தைச் சுற்றி மடக்கு நாற்காலிகளில் கீத்தோவிலிருந்து பஸ்ஸில் வந்த வெளியூர்க்காரர்களும், மாகாணப் பண்பாட்டு அலுவலகத்திலிருந்து வந்த இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கிணற்றடியில் நின்ற பெண்கள் கூட்டம் அவளைக் கண்டதும் குரலை உச்சத்துக்கு ஏற்றியது. சான் பெத்ரோ அன்று யாரும் யாரையும் பாட்டில் வாரலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது.

"கண்டம் தாண்டிப் போன மச்சான்
கடுதாசி போட்டாரா?
கொண்டையுள்ள பன்னிரண்டும்
கூவிச் சேதி சொல்லிச்சா?"

கூட்டம் சிரித்தது. நாத்தனார் பல்பினா, கையில் போனோடு பக்கத்தில் நடந்து வந்தவள், அவள் விலாவில் இடித்தாள். "பதில் பாடுடி. எங்க வீட்டு மானம் போவுது."

தெல்ஃபினா பாடியது எல்லோருக்கும் கேட்டது:

"சேதி கேட்டு வந்தவளே,
சேவல் வேணும்னா எடுத்துக்கோ!
பாதி ராத்திரி கூவும்போது
பக்கத்துல படுத்துக்கோ!"

கிணற்றடியில் ஒரே கூச்சல். யாரோ தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. பிடித்திருந்தது, பொய் சொல்லிக்கொள்ள முடியாது. இத்தனை முகமும் தன் பக்கம் திரும்பியிருப்பது பிடித்திருந்தது. ரோமுலோ மேல் படியில் நின்றபோது அவனுக்குள் என்ன இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது.

கொன்சாலோ வராந்தாவிலிருந்து இறங்கி வந்தார். கழியோரமாக நடந்து ஒவ்வொரு சேவலின் மீதும் கைவைத்து எண்ணினார். கூட்டமும் கூடவே எண்ணியது. நோயெமியின் சேவல் கழியின் கடைசியில் தொங்கியது. கொன்சாலோ தொட்டதும் அது தலையை மடக்கி அவர் கட்டைவிரலைக் கொத்தியது.

"உயிரோட இருக்குன்னு சொல்லுதாம்!" என்று மைக்கில் சொல்லிவிட்டு அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டார். "பன்னிரண்டு! தீர்ந்தது!"

தீர்ந்தது.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. தெல்ஃபினா முற்றத்தின் ஓரத்துக்குப் போய்ச் சுவரில் சாய்ந்தாள். அழுகை வருமென்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பசி வந்தது. தான் சமைத்து அனுப்பிய உருளைக்கிழங்கையும் கினிப்பன்றி வறுவலையும் யாரோ தட்டில் போட்டுத் தர, நின்றபடியே எல்லாவற்றையும் தின்றாள். உப்பு கொஞ்சம் கூடிப்போயிருந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

நாளைக் காலையில் அந்த அறை காலியாக இருக்கும். பெருக்கி, கழுவி, கதவைத் திறந்து போடவேண்டும். அப்புறம் அங்கே என்ன வைப்பது என்று யோசித்தாள். தையல் மிஷினா, மூட்டைகளா, ஆள் வந்தால் படுக்கக் கட்டிலா? ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றும் தோன்றாமல் இருந்ததே இதமாக இருந்தது. காலியாகவே கிடக்கட்டும். வேலை விட்டு வந்து, கதவைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு மூடலாம். இப்படி ஒரு ஆசையை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் பல்பினா சிரிப்பாள், ரோமுலோவுக்குப் புரியாது. அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சாயங்கால வெயில் சாய்ந்தபோது கொன்சாலோ அவளைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் அன்று வந்ததிலேயே பெரிய சேவல் இருந்தது. பின்னால் பாதிக் கூட்டமும் வந்தது.

"எலாதியோதானே இந்த வருஷம் வாங்கறதா இருந்துச்சு?" என்றாள் அவள், அவர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே.

"எங்கம்மா எலாதியோ? பஸ் ரிப்பேராம், இபார்ராவுல நிக்குதாம். போன் போட்டா அணைச்சு வெச்சிருக்கான்."

"போன் மட்டுமா? ஆளே அணைஞ்சுட்டான்," என்றாள் பல்பினா. எல்லோரும் சிரித்தார்கள்.

கொன்சாலோ சிரிக்கவில்லை. மைக்கை இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு தங்கச்சி. மாகாணத்து ஆளுங்க உக்காந்திருக்காங்க. இன்னிக்கு யாரும் சேவல் வாங்கலன்னா அடுத்த வருஷம் இந்த வீட்டுல சான் பெத்ரோ எப்படி நடத்துவோம்? நீ நடத்தின மாதிரி இதுவரைக்கும் யாரும் நடத்தினதில்ல. ஊரே சொல்லுது. உனக்குப் பழக்கமாயிடுச்சு, கஷ்டம் தெரியாது."

கஷ்டம் தெரியாது. அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார் என்பது அவளுக்குத் தெரிந்தது. நல்ல மனிதர். கிடங்குக் கூரையைத் தன் கையாலேயே மாற்றியவர்.

பல்பினா போனை நீட்டினாள். திரையில் ரோமுலோவின் முகம், பின்னால் வேறு ஊரின் இருட்டு. "தெல்ஃபினா! பாத்துக்கிட்டேதான் இருந்தேன்! பாட்டு கேட்டேன், சிரிச்சு சிரிச்சு இங்க எல்லாரும் எழுந்துட்டானுங்க. வாங்கிக்கோ! யோசிக்காத. நம்ம வீட்டுப் பேரு தொடர்ந்து நிக்கும். அடுத்த வருஷம் நான் வந்துடுவேன்."

"வந்துடுவியா?" என்றாள்.

"வரப் பாக்கறேன்."

கொன்சாலோ மைக்கை உயர்த்தினார். "நம்ம தெல்ஃபினா..." என்று தொடங்கியதுமே கைதட்டல் எழுந்தது. கிணற்றடிப் பெண்கள் அவள் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். சேவலின் மார்பு அவள் கைக்கு எட்டும் தூரத்தில், இறகுக்குள்ளே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சால்வைக்குள் அவள் கைகள் கொஞ்சம் அசைந்தன. மேலே போக அவற்றுக்கு வழி தெரிந்திருந்தது. ஒரு நொடி அவள் தன் கைகளைப் பார்த்துப் பயந்தாள்.

பிறகு அவை அடங்கின.

"வேண்டாம்ணே," என்றாள்.

கைதட்டலில் கொன்சாலோவுக்குக் கேட்கவில்லை. சேவலை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். அவள் பின்வாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள். முன்வரிசையில் கைதட்டல் முதலில் நின்றது, அப்புறம் பின்னால். போனில் ரோமுலோ, "என்ன ஆச்சு? என்ன சொல்றா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கொன்சாலோ மைக்கைக் கையால் பொத்தினார். "ஏம்மா, என்ன காரணம்னு நான் சொல்றது?"

"காரணம் ஒண்ணும் இல்லண்ணே," என்றாள் தெல்ஃபினா. "நான் வாங்கல."